செவலைக்குப் பிறந்த கருங்குட்டி

(பதுளையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். இடையிடையே சொன்ன சில கிளைக்கதைகளும், படங்களைக் காட்டிப் பேசிய பகுதிகளும் விடப்பட்டுள்ளன.)



இந்த மேடையில் வழக்கமாக இலக்கியமும் வரலாறும் பேசப்படும். நான் நாயின் தோல் நிறத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பீர்கள். ஆனால் நமுனுகுல மலையடிவாரத்தில் லயத்துக்கு லயம் நாய் உண்டு. காட்டுப்பன்றி தோட்டத்துக்குள் இறங்கினால் முதலில் குரல் கொடுப்பது அது. சிறுத்தை இறங்கினால் முதலில் காணாமல் போவதும் அதுதான். இப்படி நம் வாசலிலேயே கிடக்கும் ஒரு பிராணியைப் பற்றி மூன்று விஷயங்களை உறுதியாகச் சொல்கிறோம். உடம்பில் கறுப்பு வரி ஓடினால் நரிக் கலப்பு என்கிறோம். இரண்டு செவலைக்குக் கறுப்புக் குட்டி பிறந்தால் தாய் வேலி தாண்டியது என்கிறோம். வெள்ளை மறை விழுந்த குட்டி என்றால் பங்களா நாயின் வாரிசு என்று தீர்ப்பே எழுதிவிடுகிறோம்.

இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருக்கிறது: நிறத்தைப் பார்த்து வம்சத்தைச் சொல்லிவிடலாம். அது தவறு என்பதே இன்றைய என் வாதம். நிறம் சில மரபணுக்களின் நிலையைச் சொல்லும். அந்தப் பிராணி எங்கிருந்து வந்தது, யாரோடு கலந்தது என்பதைத் தனியாக நின்று சொல்லும் தகுதி அதற்கு இல்லை. இதை விளக்க ஜப்பான் வரை போகப் போகிறேன். காரணம், நாம் திண்ணையில் பேசுவதை அவர்கள் சங்கம் வைத்து, சட்டம் போட்டு, கடைசிவரை நடத்திப் பார்த்தார்கள்.

1. இரண்டே நிறமிகள்

நாயின் மயிரில் இருப்பவை இரண்டு நிறமிகள்தாம். ஒன்று கறுப்பு, இது சில நாய்களில் பழுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும். மற்றது செம்மை, ஆழ்ந்த செவலையிலிருந்து பாலாடை நிறம் வரை அதன் அளவு கூடும், குறையும். இரண்டையும் ஒரே உயிரணுதான் செய்கிறது. அந்த உயிரணுவின் மேற்பரப்பில் எம்.சி.1.ஆர். என்ற ஏற்பி இருக்கிறது. அதை லயத்துக் குழாயின் திருகு என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் கறுப்பு வரும். அடைத்தால் செம்மை வரும்.

அடைக்கும் வேலை அகூட்டி என்ற புரதத்தினுடையது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்களில் இந்த மரபணுவை இயக்கும் பகுதிகள் இரண்டு என்று காட்டியது. ஒன்று வயிற்றுப் பக்கத்தைக் கவனிக்கிறது. மற்றது மயிர் வளரும் சுற்றைக் கவனிக்கிறது. ஒரே மயிரில் கறுப்பும் செம்மையும் பட்டைபட்டையாக விழுவது அதனால்தான். நரியின் முதுகும் ஓநாயின் முதுகும் சாம்பல் பூத்தாற்போலத் தெரிவதற்கு அந்தப் பட்டைதான் காரணம். இந்த இரண்டு பகுதிகளின் வலிமை மாறிமாறிச் சேரும்போது முழுச் செவலை, கருநுனிச் செவலை, ஓநாய் நிறம், கறுப்புச் சேணம், கறுப்பு முதுகு என ஐந்து வகை கிடைக்கின்றன.

இவற்றுள் செவலை ஓங்கி நிற்கும். கறுப்பு உடம்பில் புருவத்துக்கு மேலும் கன்னத்திலும் காலிலும் செம்புள்ளி விழுந்த வகை ஒடுங்கி நிற்கும். இருக்கு வேதம் யமனின் இரண்டு நாய்களையும் நான்கு கண்கள் கொண்டவை என்று சொல்வது இந்தப் புருவப் புள்ளியைப் பார்த்துத்தான் என்று கருதுவோர் உண்டு. நம் கணக்குக்கு வருவோம். தாயும் செவலை, தகப்பனும் செவலை. இரண்டும் தத்தம் உடம்பில் அந்த ஒடுங்கிய மரபணு வடிவத்தை ஒவ்வொன்று மறைத்து வைத்திருக்கின்றன. அப்படியானால் நான்கில் ஒரு குட்டி நாலுகண் கருங்குட்டியாகப் பிறக்க வாய்ப்பு உண்டு. தாய் எந்த வேலியையும் தாண்டவில்லை.

தாண்டவே தாண்டாது என்றும் நான் சொல்லவில்லை. கட்டிப்போடாத பெட்டை ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேரும்; ஒரே ஈற்றில் இரண்டு மூன்று தகப்பன்களின் குட்டிகள் பிறப்பது நாய்களில் சாதாரணம். ஆனால் அதைக் குட்டியின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் இதே கணக்கு ஓர் இனப்பெயராகவே நிற்கிறது. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வேட்டை நாய்களில், கறுப்பு உடம்பில் செம்புள்ளி விழுந்தால் கன்னி, செவலையாகவோ சாம்பலாகவோ ஒரே நிறத்தில் இருந்தால் சிப்பிப்பாறை என்று பிரிப்போர் பலர். ஒடிசலான உடம்பும் நீண்ட முகமும் ஓட்டமும் இரண்டுக்கும் ஒன்றுதான். அகூட்டி மரபணுவின் கணக்குப்படி இரண்டு செவலைச் சிப்பிப்பாறைகளுக்கு ஒரு கன்னி பிறக்கலாம். ஒரே ஈற்றில் இரண்டு இனம்! இரண்டு கன்னிகளைச் சேர்த்தாலோ கன்னிதான் வரும். இதை வளர்ப்பவர்கள் மரபணு என்ற பெயர் தெரியாமலேயே தலைமுறைகளாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

2. வரி யாருடையது?

இலங்கை நாட்டு நாயைச் சிங்கள ஹவுண்ட் என்று இப்போது ஆர்வலர்கள் தனியாக எடுத்துப் பேசுகிறார்கள். செம்மைமேல் கறுப்புக் கோடு ஓடும் வரி நிறமே அதன் அடையாளம் என்கிறார்கள். ஜப்பானில் யமனாஷி மலைப்பகுதியில் காய் என்ற வேட்டை நாய் உண்டு. அந்த இனத்தின் எல்லா நாய்களும் வரி நாய்களே. குட்டியாக இருக்கும்போது ஏறக்குறைய ஒரே நிறமாகத் தெரியும். வளர வளர வரி எழும்பும். கருவரி, செவ்வரி, இரண்டுக்கும் நடுவானது என அங்கே மூன்றாகப் பிரித்து, புலியின் பெயரைச் சேர்த்து அழைக்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் பங்காளிகள் என்று சொல்லத் தோன்றும். தீவுக்கும் தீவுக்கும் பழைய தொடர்பு என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். அவசரப்பட வேண்டாம். வரியைத் தரும் மரபணு பீட்டா டிஃபென்சின் 103. அதற்கு நாய்களில் மூன்று வடிவங்கள். முதலாவது முழுக் கறுப்பைத் தரும். எல்லாவற்றுக்கும் மேலே ஓங்கும். அடுத்தது வரி. கடைசியானது ஒதுங்கி நின்று அகூட்டியின் போக்குக்கு விட்டுவிடும். இந்த வரி வடிவம் காயிடமும் இருக்கிறது, நம் லயத்து நாயிடமும் இருக்கிறது, பாக்ஸரிடமும் கிரேஹவுண்டிடமும் இருக்கிறது. வரி இருப்பதால் பாக்ஸரும் காயும் உறவு என்று யாரும் வாதாடுவதில்லை.

வரி செம்மைமேல்தான் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாலுகண் நாய்க்கு வரி மரபணு இருந்தால் உடம்பில் ஒன்றும் தெரியாது; புருவப் புள்ளியிலும் கன்னத்திலும் காலிலும் மட்டும் கோடு விழும். இரண்டு வரி நாய்களுக்குத் தெளிந்த செவலைக் குட்டி பிறக்கலாம். இரண்டு தெளிந்த செவலைகளுக்கு வரிக்குட்டி பிறந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதிலும், பெற்றோரில் ஒன்றின் செம்மை எம்.சி.1.ஆர். கெட்டுப்போனதால் வந்த செம்மையாக இருந்தால், வரி அதன் உடம்பில் தெரியாமலேயே மறைந்திருக்கும்.

இனி நரிக்கு வருகிறேன். வரி நாய் நரிக் கலப்பு என்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. வரி போட்ட நரியைப் பார்த்தவர் இந்த மண்டபத்தில் யாராவது உண்டா? நம் தோட்டங்களில் இரவில் ஊளையிடுவது பொன்னரி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள நாரியா என்ற துணையினம். அதன் மயிர் பட்டை விழுந்த மயிர். வரியோ, நாயிடம் தோன்றிய மாற்றம். தன்னிடம் இல்லாததை நரி எப்படிக் கொடுக்கும்? நரிக்கொம்பு வைத்திருந்தால் வழக்கில் வெல்லலாம் என்று நம்புகிற நாட்டில் நரியின் கணக்கில் இதையும் எழுதிவிட்டோம்.

3. ஜப்பானியர் நிறத்தை வைத்து என்ன செய்தார்கள்

ஜப்பான் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்கு நோக்கித் திறந்தபோது ஐரோப்பிய நாய்கள் வந்து இறங்கின. நகரத்து நாய்கள் கலந்தன. மலைக் கிராமங்களில் மட்டும் பழைய நாய்கள் எஞ்சின. 1928-இல் சாய்தோ ஹிரோகிச்சி ஜப்பானிய நாய்ப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். ரயில் நிலையத்தில் எஜமானுக்காகக் காத்துக் கிடந்த ஹச்சிகோவைப் பத்திரிகையில் எழுதி நாடறியச் செய்தவரும் இவரே. 1931-இல் அகிதா அரசின் இயற்கை நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1934-இல் காயும் கிஷுவும், 1936-இல் ஷிபா, 1937-இல் ஷிகோகுவும் ஹொக்கைடோவும். ஆறு ஆண்டுகளில் ஆறு இனங்கள்.

காப்பாற்றினார்கள் என்பதில் ஐயமில்லை. அந்த உழைப்பு இல்லாவிட்டால் போருக்குப் பிறகு அவற்றில் சில நமக்குப் பெயராக மட்டுமே கிடைத்திருக்கும். ஆனால் காப்பாற்றும் கையோடு நிறத்தையும் வடிகட்டினார்கள். கிஷு நாய்களில் முன்பு செவலை, கருநுனி, வரி எல்லாம் உண்டு. மறை விழுந்தவை நிறைய. 1934-இல் ஒரே நிறம்தான் ஏற்கப்படும் என்று முடிவானது. 1945-க்குள் மறை நாய்கள் இல்லாமல் போயின. இன்று கிஷு என்றால் வெள்ளை என்றே பலரும் நினைக்கிறார்கள். பன்றி வேட்டைக்குத் தகுந்த ஒரு மறை நாய், மறை என்ற ஒரே காரணத்தால் வம்சம் இல்லாமல் போனது எனக்கு இழப்பாகவே படுகிறது.

ஷிபாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே கன்னம், நெஞ்சு, வயிறு, வாலின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் வெளிர்நிறம் பிரிந்து தெரிய வேண்டும் என்று விதி. அதை உராஜிரோ என்பார்கள். உடம்பே வெளிறிப் போனால் அந்தப் பிரிவு தெரியாது. ஆகவே பாலாடை நிறத்து ஷிபா வீட்டில் வளரலாம், கண்காட்சியில் மதிப்புப் பெறாது. ஒரு வீட்டில் பெருமையான வெள்ளை பக்கத்து வீட்டில் குறை. அகிதாவின் கதை இன்னும் வினோதம். போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுபோன அகிதாக்களில் கருமுகம் உண்டு. ஜப்பானில் கருமுகத்தை ஒதுக்கினார்கள். கடைசியில் அவை இரண்டு தனி இனங்களாகவே பிரிந்தன. உடல்வாகிலும் வேறுபாடு உண்டுதான். ஆனால் எளிதில் கண்ணில் படும் அந்தக் கருமுகத்துக்குக் காரணம் எம்.சி.1.ஆர். மரபணுவின் ஒரு வடிவம். தமிழ்நாட்டுக் கோம்பை நாய்க்கு அழகு சேர்ப்பதும் கருமுகம்தான்.

4. ஓநாய் கொடுத்ததா, வாங்கியதா?

ஜப்பானிய ஓநாயில் உறுதியாக அறியப்பட்ட கடைசி விலங்கு 1905 ஜனவரியில் நாரா மாகாணத்து வஷிகாகுச்சியில் கிடைத்தது. மால்கம் ஆண்டர்சன் அதை விலைக்கு வாங்கி லண்டனுக்கு அனுப்பினார். ஓநாய் போன பிறகு அதன் நினைவை நாய்மேல் ஏற்றினார்கள். ஷிகோகு நாயின் மயிர்நுனி கருத்திருக்கும். தூரத்தில் பார்த்தால் ஓநாய் என்றே தோன்றும். ஆகவே அதில் ஓநாய் ரத்தம் அதிகம் என்று ஒரு பேச்சு. 2024-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு சொன்னது வேறு. அறியப்பட்ட ஓநாய்களுள் நாய்க்கு மிக நெருங்கிய கிளை ஜப்பானிய ஓநாய்தான். அதன் மூதாதையரிடமிருந்து ஒரு சிறு பங்கு கிழக்காசிய நாய்களின் முன்னோருக்குள் வந்திருக்கிறது. கிழக்கில் பரவிய நாய்களுக்கெல்லாம் பொதுவான சொத்து அது. வெள்ளை நாயிடமும் இருக்கும், செவலையிடமும் இருக்கும். கருநுனி மயிருக்குத் தனிப்பங்கு எழுதி வைக்கப்படவில்லை.

வட அமெரிக்காவில் கதை தலைகீழ். அங்கே கறுப்பு ஓநாய்கள் உண்டு. காட்டின் கறுப்பு, கலப்பில்லாத காட்டுத்தனத்தின் அடையாளம் என்று நினைத்திருந்தார்கள். 2009-இல் மரபணுவைப் பார்த்தால், அந்தக் கறுப்பைத் தருவது பீட்டா டிஃபென்சினில் மூன்று எழுத்துகள் விடுபட்ட வடிவம். அது நாயிடமிருந்து ஓநாய்க்குப் போனது. மனிதரோடு நடந்துபோன பழைய நாய்கள் கொடுத்த நிறத்தைத்தான் அந்த ஓநாய்கள் உடுத்தியிருக்கின்றன. யெல்லோஸ்டோனில் 1995-96-இல் ஓநாய்களை மீண்டும் விட்ட பிறகு, அங்கே ஏறக்குறைய பாதி கறுப்பாகவே இருந்துவருகின்றன. ஏன் இத்தனை? டிஃபென்சின் நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள புரதம். டிஸ்டெம்பர் நோய் அடிக்கடி தாக்கும் இடங்களில் கறுப்பு ஓநாய்கள் அதிகம் என்று 2022-இல் காட்டினார்கள். ஒரு பங்கு கறுப்பு மரபணு உள்ளவை நோயைத் தாண்டுகின்றன. இரு பங்கும் உள்ளவை பலவீனமாக இருக்கின்றன. ஆகவே கறுப்பு முழுதாக வெல்வதும் இல்லை, தோற்பதும் இல்லை.

செவலையின் வரலாறு இன்னும் ஆழம். முழுச் செவலையைத் தரும் அகூட்டி வடிவமும் ஆர்க்டிக் வெள்ளை ஓநாயிடம் உள்ள வடிவமும் ஒரே மூலத்தவை. அந்த மூலம், 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே ஓநாய்க் கிளையிலிருந்து பிரிந்து பிற்பாடு அழிந்துபோன ஒரு விலங்கு என்பது முன்பு சொன்ன 2021 ஆய்வின் முடிவு. தேயிலைச் சாக்குமேல் சுருண்டு கிடக்கும் செவலையின் நிறம், நாய் என்ற பிராணியே தோன்றுவதற்கு முந்தையது.

அப்படியானால் நாயும் காட்டு இனமும் கலப்பதே இல்லையா என்று கேட்பீர்கள். கலக்கின்றன. நாய், ஓநாய், பொன்னரி மூன்றுக்கும் 78 குரோமசோம்கள். கலப்புக் குட்டிகளும் குட்டி போடும். புனேக்கு அருகில் நிறம் மாறுபட்ட விலங்குகளைக் கண்ட ஆர்வலர்கள் சந்தேகப்பட்டார்கள். 2023-இல் வெளியான மரபணுத்தொகுதி ஆய்வு அங்கே ஓநாய்-நாய்க் கலப்பை உறுதி செய்தது. குரோஷியாவில் தோற்றம் மாறுபட்ட மூன்று விலங்குகள் பொன்னரி-நாய்க் கலப்பு என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் நிறமும் தோற்றமும் சந்தேகத்தைத்தான் எழுப்பின. தீர்ப்பை மரபணுச் சோதனை தந்தது. இலங்கைக் காட்டில் ஓநாயே இல்லை, ஆகவே நமக்கு அந்தப் பேச்சு வேண்டாம். நரி உண்டு. ஆனால் சந்தேகப்பட வேண்டிய திசையை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும். வரி நாயைப் பார்த்து நரி என்று சொல்லாதீர்கள். நரிக் கூட்டத்தில் முழுக் கறுப்போ வெள்ளைப் பாதமோ கொண்ட ஒன்றைக் கண்டால், அதில் நாய் கலந்திருக்குமோ என்று கேளுங்கள். நாயும் நரியும் அவ்வளவு நெருங்கும் இடத்தில் விசர்நோயும் டிஸ்டெம்பரும் கைமாறும். எனக்குக் கவலை அதுதான்.

ஒரு சிறு விலகல். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று கண்ணியில் சிக்கி, உடவளவையில் சிகிச்சை பலிக்காமல் இறந்தது நினைவிருக்கும். சிறுத்தையின் கறுப்பும் அகூட்டி மரபணுவில் வந்த மாற்றமே. அங்கேயும் அது ஒடுங்கிய வடிவம். புள்ளி போட்ட தாய்க்கும் புள்ளி போட்ட தகப்பனுக்கும் கருங்குட்டி பிறக்கும். அந்த விலங்கை யாரும் வேலி தாண்டிப் பிறந்தது என்று ஏசவில்லை.

5. ஊவாவில் என்ன செய்யலாம்

பங்களா நாய்க் கதையை முற்றாக மறுக்க மாட்டேன். சாமுவேல் பேக்கர் 1848-இல் நுவரெலியாவில் குடியேறியபோது ஆங்கில வேட்டை நாய்க் கூட்டத்தையே கொண்டுவந்தார். மரை வேட்டையைப் பற்றி அவர் புத்தகமும் எழுதினார். அவருக்குப் பின்னும் தோட்டத் துரைமார் நீண்ட காலம் நாய் இறக்கினார்கள். கலப்பு நடந்திருக்கும். ஆனால் வெள்ளை மறை அதற்குச் சாட்சி அல்ல. ஐரோப்பிய நாயைக் கண்ணால் பார்க்காத ஊர்களின் நாட்டு நாய்களிலும் மறை உண்டு. கிஷுவில் விரட்டப்பட்ட மறையும் துரை கொண்டுவந்ததல்ல.

சிங்கள ஹவுண்டைக் காப்போம் என்று கிளம்பியிருப்பவர்களை நான் ஆதரிக்கிறேன். வரி நாயை மட்டும் பொறுக்குவதை ஆதரிக்கவில்லை. நாட்டு நாயின் பலம் அதன் கலவையில் இருக்கிறது: அட்டைக்கும் உண்ணிக்கும் மழைக்கும் எச்சில் சோற்றுக்கும் தாக்குப்பிடிக்கும் உடம்பு. வரியைத் தேடிச் சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டால், அந்த உடம்பில் பாதியை லயத்து வாசலில் விட்டுவிட்டு வருவோம்.

வெள்ளையைத் தேடுவதில் வேறோர் ஆபத்து. இராஜபாளையம் நாயில் தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்குமே அழகு என்று தேர்ந்தெடுத்தார்கள். காது கேளாத குட்டிகள் பல பிறந்தன. நிறமி உயிரணு தோலில் மட்டும் இருப்பதல்ல, உட்காதிலும் அதற்கு வேலை உண்டு. அது அங்கே போய்ச் சேராவிட்டால் பிறந்த சில வாரங்களில் செவி செத்துவிடும். நமுனுகுலவில் வெள்ளைக்குட்டி கேட்டு வருகிறவர்களிடம், குட்டி தூங்கும்போது அதன் பின்னால் நின்று கை தட்டிப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். தரையை அதிரவிடாமல் தட்ட வேண்டும். அதிர்வுக்கும் குட்டி எழும்.

கடைசியாக மாணவர்களுக்கு. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே விலங்கு விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். தோட்டங்களில் விசர்நாய்த் தடுப்பூசி போடும் நாளில் எல்லா நாய்களும் ஓரிடத்துக்கு வருகின்றன. இதைவிட நல்ல நாள் ஆய்வுக்குக் கிடைக்காது. ஒரு கொப்பி எடுத்துப்போங்கள். தாயின் நிறம், அந்த ஈற்றில் பிறந்த ஒவ்வொரு குட்டியின் நிறம், புருவப் புள்ளி உண்டா, அந்தப் புள்ளிக்குள் வரி உண்டா, முகம் கறுப்பா, பாதம் வெள்ளையா என்று குறியுங்கள். செத்துப் பிறந்த குட்டியையும் விடாதீர்கள். தகப்பன் என்ற கட்டத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். யார் என்ன சொன்னாலும் அதில் எழுத வேண்டாம். பிறகு உமிழ்நீர் மாதிரி எடுத்துப் பார்த்து நிரப்பலாம்.